இரண்டடித் தொட்டியில் முருகை: வாசகர் கேள்வி, பதில்

கடல்நீர் மீன்தொட்டி பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். கணக்குகள் எல்லாம் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1¼ அடி உயரமுள்ள தொட்டிக்கு. கணக்குப்படி 70 லீற்றர் கொள்ளும் என்றாலும், கல்லும் மணலும் போட்டு மேலே இரண்டு விரல் இடம் விட்டால் உள்ளே நிற்பது 55 லீற்றர்தான். எதை அளந்து போடுவதானாலும் அந்த 55ஐத்தான் கணக்கில் எடுக்கவேண்டும்.

கே: ஸ்கிம்மர், சம்ப் (கீழே வைக்கும் வடிகட்டும் தொட்டி), யூ.வி. விளக்கு (கிருமி கொல்லும் விளக்கு), சில்லர் (தண்ணீரைக் குளிராக்கும் கருவி) இல்லாமல் முருகை வளர்க்க முடியாது என்கிறார் கடைக்காரர். விலையைக் கேட்டதும் ஆசையே போய்விட்டது. உண்மையில் எது இல்லாமல் சரிவராது? (காத்தான்குடி)

ப: துளைகள் நிறைந்த பாறை 6 முதல் 7 கிலோ, மணிக்கு 600 முதல் 1,000 லீற்றர் தள்ளும் ஒரு அலைப் பம்ப், நீலமும் வெள்ளையும் கலந்த 30 வாற்று எல்.இ.டி. விளக்கு, ஒரு சிறிய ஃபேன், வெப்பமானி, உப்பளவு பார்க்க ரிஃப்ராக்டோமீற்றர், இரண்டு வாளி. இவை போதும். காசு மிஞ்சினால் நல்ல ரிஃப்ராக்டோமீற்றருக்குப் போடுங்கள், யூ.வி. விளக்குக்கு வேண்டாம்.

ஸ்கிம்மரின் வேலை, கழிவு அழுகுமுன் அதை நுரையாக வெளியே எடுப்பது. மீனும் தீனியும் குறைவென்றால் எடுக்கவேண்டிய கழிவும் குறைவு. மிச்சத்தைப் பாறையில் குடியிருக்கும் பற்றீரியா கவனித்துக்கொள்ளும். பாறையின் மேற்பரப்பில் உள்ளவை அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும். ஒட்சிசன் எட்டாத உட்துளைகளில் உள்ளவை அந்த நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி விட்டுவிடும். அதையும் தாண்டித் தேங்குவதைக் கிழமைக்கு ஒருமுறை 6 லீற்றர் தண்ணீர் மாற்றினால் எடுத்துவிடலாம். முருகை உறிஞ்சிய கல்சியமும் மக்னீசியமும் அந்த 6 லீற்றரோடேயே திரும்ப வந்து சேரும். கிழமை வாளியைத் தவறவிடுகிறவருக்கு இந்த முறை பொருந்தாது. அவர் கடைக்காரர் சொன்னதையே வாங்கலாம்.

தொடங்கும்போது தண்ணீர், பாறை, மணல், பம்ப் மட்டும். உரித்த இறால் ஒன்றில் பாதியைப் போட்டு, விளக்குப் போடாமல் 4 முதல் 6 கிழமை ஓடவிடுங்கள். அமோனியாவும் நைத்திரைற்றும் ஏறி இறங்கிப் பூச்சியமாகி, நைத்திரேற்று தெரியத் தொடங்கினால் தொட்டி தயார். பிறகு விளக்கு நாளுக்கு 8 மணி நேரம். முதலில் 5 அல்லது 6 நத்தை, இரண்டு கிழமை கழித்துக் காளான் முருகை, தோல் முருகை போன்ற மென்மையானவை, கடைசியில்தான் மீன். இடையில் மணல்மேல் பழுப்புத் தூள் படியும். அது டயற்றம் என்ற நுண்பாசி, தானாகப் போய்விடும், சுரண்டிக்கொண்டிருக்க வேண்டாம். வேகமாகப் படரும் ஸீனியா முருகையையும் பச்சை நட்சத்திர முருகையையும் பெரிய பாறையில் ஒட்டாமல், மணல் நடுவே தனிக் கல்லில் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் தொட்டி முழுக்க அவைதான்.

கே: கடல் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். தண்ணீரை நேராக அள்ளி ஊற்றலாமா? (கல்லடி)

ப: ஊற்றலாம், எங்கே, எப்போது அள்ளுவது என்பதைப் பொறுத்து. கரையில் அலை கிளறிய தண்ணீர் வேண்டாம். கடலுக்குப் போகும் தோணியில் 25 லீற்றர் கேனைக் கொடுத்து, கரைவிட்டுத் தள்ளி அள்ளிவரச் சொல்லுங்கள். எண்ணெய் வைத்த கேனை எத்தனை முறை கழுவினாலும் பாவிக்கக் கூடாது. பாலமீன்மடுப் பக்கம் வாவி கடலோடு கலக்கும் இடம் நமக்கு உதவாது. முகத்துவாரம் வெட்டப்பட்ட நாட்களில் வயல் வெள்ளம் சுமந்துவரும் உரமும் கிருமிநாசினியும் அந்த வழியாகத்தான் கடலுக்குப் போகின்றன.

அள்ளிய தண்ணீரைப் பல மடிப்புப் பருத்தித் துணியில் வடித்து, சில மணி நேரத்துக்குள் பாவியுங்கள். அல்லது இருட்டில் மூடி இரண்டு கிழமை வையுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்கள்தான் ஆபத்து: கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் செத்து அழுகி, தண்ணீரில் அமோனியா ஏறும் காலம் அது. வைத்திருந்த தண்ணீருக்கு ஒருநாள் காற்றுக் கொடுத்து, மணத்துப் பார்த்து, உப்பளவும் பார்த்த பிறகே தொட்டிக்குள் விடவேண்டும். அளவு 35 (ஒரு கிலோ கடல்நீரில் 35 கிராம் உப்பு), அடர்த்தி எண்ணில் சொன்னால் 1.026. 32 இருந்தால், மாற்றும் 6 லீற்றருக்கு 20 கிராம் கடல்நீர்த் தொட்டி உப்பைக் கரைத்துச் சரிசெய்யலாம்.

மாரியில் கரையோரத் தண்ணீர் மழையாலும் ஆற்று வெள்ளத்தாலும் இளகிவிடும். கார்த்திகை முதல் தை வரை 13 கிழமைக்கு ஏறத்தாழ 80 லீற்றர் வேண்டும். ஆகவே கடல் அமைதியாக இருக்கும் ஆவணி, புரட்டாதியிலேயே நாலு கேன் நிரப்பி, வெயில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

கே: எங்களுக்குக் கடல் தூரம். கடையில் வாங்கும் ஆனையிறவு உப்பைக் கரைத்தால் என்ன? (சம்மாந்துறை)

ப: உப்புக் கரிக்கும், கடல்நீர் ஆகாது. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முதலில் படிந்துவிடும். அதற்குப் பின்பே கறியுப்பு விளையும். மக்னீசியமும் பொற்றாசியமும் கடைசி நீரோடு வெளியேற்றப்படும். எந்த உப்பளத்து உப்பானாலும் இதுதான் நிலை. முருகைக்கு வேண்டியவை எல்லாம் போனபின் மிஞ்சுவதுதான் உங்கள் கையில் இருக்கிறது. முருகைத் தொட்டிக்கென்று விற்கும் உப்பை வாங்கி, 10 லீற்றருக்கு ஏறத்தாழ 370 கிராம் கரைத்து, ஒரு இரவு பம்ப் ஓடவிட்டு அளந்து பாருங்கள். தண்ணீரில் உப்பைப் போடவேண்டும். உப்பின்மேல் தண்ணீர் ஊற்றினால் கல்சியம் வெள்ளையாகப் படிந்து வீணாகும்.

கே: பாசிக்குடாவில் கரை ஒதுங்கிக் கிடக்கும் முருகைக் கல்லையும் கடற்கரை மணலையும் எடுக்கலாமா? (வாழைச்சேனை)

ப: முருகைக் கல்லைத் தொடாதீர்கள். உயிருள்ள கல்முருகைகள் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. கரையோர வலயத்தில் முருகைக் கல் அகழ்வதைக் கரையோரம் பேணல் சட்டம் தடைசெய்கிறது. காயான்கேணிக் கடற்பகுதி 2019இலிருந்து சரணாலயம். 1998 வெப்பத்தில் வெளுத்துச் செத்த திட்டுகளுக்கு இனியாவது கொஞ்சம் அமைதி கிடைக்கட்டும்.

பாறையை நீங்களே வார்க்கலாம். சீமெந்து 1 பங்கு, வாவி மட்டி ஓட்டை உடைத்த குருணி 3 பங்கு, பெரிய கல்லுப்பு 1 பங்கு. பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, ஈர மணல் குழியில் வார்த்து, பொலித்தீனால் இரண்டு நாள் மூடிவையுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் ஊறவைக்கவேண்டும். உப்புக் கரைந்துபோன இடமெல்லாம் துளையாகும். சீமெந்தின் காரம் இறங்க 6 முதல் 8 கிழமை எடுக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். பி.எச். 8.5க்குக் கீழே வந்து நின்றால்தான் பாவிக்கலாம். அவசரப்பட்டால் தொட்டியில் போட்டவை எல்லாம் சாகும். நண்பர் ஒருவரின் ஓடும் தொட்டியிலிருந்து கைப்பிடியளவு பாறை வாங்கிப் பக்கத்தில் வைத்தால் பற்றீரியா தானாகப் பரவும். முருகைத் துண்டுகளையும் அப்படியே தொட்டியில் வளர்த்தவர்களிடம் வாங்குங்கள்.

மணல் விடயம் வேறு. ஒரு கரண்டி மணலில் வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சிப்பி ஓட்டு மணல். நுரைக்காவிட்டால் வெறும் படிகக்கல். நம் கரையில் பெரும்பாலும் நுரைக்காது. அதோடு கறுப்பு மணலும் கலந்திருக்கும். கண்ணாடி துடைக்கும் வலுவான காந்தம் அந்தக் கறுப்புத் துணிக்கைகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்த துடைப்பில் கண்ணாடி முழுக்கக் கீறிவிடும். தொட்டிக்கென்று விற்கும் மணலை 2.5 செ.மீ. தடிப்புக்குப் போடுங்கள்; 6 முதல் 7 கிலோ பிடிக்கும். மணலே இல்லாத தொட்டியும் நன்றாக ஓடும்.

கே: கச்சான் காற்றுக் காலத்தில் தொட்டித் தண்ணீர் 32 பாகைக்குப் போகிறது. போதாததற்குக் கரண்டும் போகிறது. (கல்முனை)

ப: 25 முதல் 28 பாகை நல்லது. 30ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் முருகை வெளுக்கும். தொட்டி மூடியைக் கழற்றி, தண்ணீர் மேற்பரப்பில் சரிவாகப் படும்படி ஃபேன் வையுங்கள். நீர் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகும். 2 முதல் 4 பாகை இறங்கும். கச்சான் வறண்ட காற்று என்பதால், நமக்கு வேர்த்துக் கொட்டும் அந்த மாதங்களில்தான் ஃபேன் நன்றாக வேலை செய்யும். வாடைக் காலத்தில் காற்று ஈரம், ஃபேனால் பெரிய பயனில்லை. தேவையும் இல்லை. விளக்கைப் பகலில் போடாமல் மாலை 4 மணிக்குப் போட்டு நள்ளிரவில் அணைத்தால் இன்னும் கொஞ்சம் குறையும்.

இதற்குக் கொடுக்கும் விலை ஆவியாதல். ஃபேன் ஓடினால் நாளுக்கு 1 முதல் 1½ லீற்றர் போகலாம். போவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே நிற்கும். நாலு நாள் ஊற்றாமல் விட்டு 6 லீற்றர் வற்றினால் 35 இருந்த உப்பளவு 39 ஆகிவிடும். கண்ணாடியில் ஒரு கோடு கீறி, தினமும் காலையில் அந்தக் கோடு வரை நல்ல தண்ணீர் விடுங்கள், கடல்நீர் அல்ல. ஆர்.ஓ. தண்ணீர் (உப்பு நீக்கி வடிகட்டியது) சிறந்தது. கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். மழைத்தண்ணீர் என்றால் திறந்த வெளியில் நேராகப் பிடித்ததாக இருக்கட்டும். தகரக் கூரையில் வழிந்ததில் நாகம் (துத்தநாகம்) என்ற உலோகம் இருக்கும். நத்தைக்கும் முருகைக்கும் அது நஞ்சு.

கரண்ட் நின்றால் முதலில் குறைவது ஒட்சிசன். சூடான உப்புநீரில் அது ஏற்கெனவே குறைவு. 12 வோல்ற்றில் ஓடும் 5 வாற்று அலைப் பம்ப் வாங்கியிருந்தால், 12 வோல்ற்று 7 ஆம்பியர்-மணி பற்றரி ஒன்று ஏறத்தாழ 8 மணி நேரம் தாங்கும். 24 வோல்ற்றுப் பம்பும் விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள். பற்றரி இல்லாவிட்டால் கால்மணிக்கு ஒருமுறை ஒரு குவளையால் அள்ளி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். கரண்ட் வரும்வரை தீனி போடவே கூடாது.

கே: எத்தனை மீன் விடலாம்? (ஏறாவூர்)

ப: இரண்டு. தொட்டியில் பிறந்த கோமாளி மீன் சோடி ஒன்று. கடற்சாமந்தி இந்த அளவுத் தொட்டிக்கு வேண்டாம். நடந்து திரிந்து பம்பில் சிக்கிச் செத்தால் ஒரே இரவில் எல்லாவற்றையும் கெடுக்கும். கூனியைக் கழுவி, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போடுங்கள்.

கே: மணல்மேல் சிவப்பு ஆடை படர்கிறது. கடையில் அன்ரிபயோற்றிக் தந்தார்கள். பாறையை எடுத்துக் கொதிநீரில் போட்டுவிடலாமா? (அக்கரைப்பற்று)

ப: கொதிநீர் வேண்டவே வேண்டாம். பாறையில் சோவாந்திட் வகை பொத்தான் முருகை ஒட்டியிருந்தால், சூட்டில் பலிரொக்சின் என்ற கடும் நஞ்சு ஆவியோடு கிளம்பி வீட்டிலுள்ளவர்களை வைத்தியசாலைக்கு அனுப்பும். அந்த முருகையை வெட்டும்போதும் சுரண்டும்போதும் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள்.

நீங்கள் பார்ப்பது சயனோபற்றீரியா. குழாயால் உறிஞ்சினால் ஆடையாகவே கழன்று வரும். ஓட்டம் படாத மூலையில் கழிவு தங்கும் இடத்தில்தான் தொடங்கும். பம்பை அந்த மூலைக்குத் திருப்புங்கள், தீனியைப் பாதியாக்குங்கள், தண்ணீர் மாற்றும்போதெல்லாம் ஆடையை உறிஞ்சி எடுங்கள். மூன்று நாலு கிழமை பிடிக்கும். அன்ரிபயோற்றிக் ஆடையைக் கொல்லும், ஆனால் காரணம் அப்படியே இருக்கும்; பாறையின் நல்ல பற்றீரியாவும் அதோடு போகலாம்.

பழுப்பு நிறத்தில், சளி போல், குமிழிகளோடு தொங்கி, இரவில் குறைந்து பகலில் கூடினால் அது வேறு ஆள்: டைனோ (டைனோபிளாஜலேற் என்ற நுண்ணுயிர்). கொஞ்சத்தை எடுத்துப் போத்தலில் குலுக்கி, ரிசுத் தாளால் வடித்து, வடிந்த தண்ணீரை ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் வையுங்கள். மறுபடி இழையாகச் சேர்ந்தால் டைனோதான். நைத்திரேற்றும் பொஸ்பேற்றும் பூச்சியமாகிவிட்ட, அளவுக்கு மீறிச் சுத்தமான தொட்டியில் இது வரும். அப்போது தண்ணீர் மாற்றுவதைச் சில கிழமை நிறுத்தி, தீனியைக் கூட்டவேண்டும். நைத்திரேற்று லீற்றருக்கு 2 முதல் 10 மில்லிகிராம் இருக்கட்டும்.

கே: வெற்றிலைச் சுண்ணாம்பு போட்டால் கல்சியம் ஏறுமா? (களுவாஞ்சிக்குடி)

ப: ஏறும், ஆனால் வேண்டாம். பொருள் கல்சியம் ஐதரொட்சைட்டுதான். கடைச் சுண்ணாம்பில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. அதன் காரமும் கடுமையானது. மென்முருகைத் தொட்டிக்குக் கிழமைத் தண்ணீரே போதும். காரத்தன்மை 7 டி.கே.எச்.க்கு (அதை அளக்கும் அலகு) கீழே இறங்கினால் அப்பச்சோடா பாவிக்கலாம். பேக்கிங் பவுடர் அல்ல, வெறும் அப்பச்சோடா. 55 லீற்றரில் 1 டி.கே.எச். ஏற 1.7 கிராம். நல்ல தண்ணீரில் கரைத்து, பம்பின் முன் மெதுவாக விடுங்கள். ஒரு நாளில் அதற்குமேல் ஏற்றாதீர்கள்.

கே: இரண்டு வருடம் நன்றாக இருந்த தொட்டி. சோதனை எல்லாம் சரி, ஆனால் முருகைகள் சுருங்கிக்கொண்டே வருகின்றன. (திருக்கோவில்)

ப: முதலில் சோதனைக் கருவியையே சோதியுங்கள். சுத்தமான உப்பு 3.65 கிராம், ஆர்.ஓ. தண்ணீர் 96.35 கிராம், நகை நிறுக்கும் தராசில் நிறுத்துக் கரைத்தால் ரிஃப்ராக்டோமீற்றர் 35 காட்டவேண்டும். வெறும் தண்ணீரில் பூச்சியம் காட்டுவதை நம்பி இருக்காதீர்கள். மேல் அளவில் பிழை ஒளிந்திருக்கும். பிழை தெரிந்தால் தொட்டியை ஒரே நாளில் திருத்தவேண்டாம், நாளுக்கு 1 போதும்.

அடுத்தது பம்ப். உள்ளே சுண்ணாம்பு படிந்து ஓட்டம் பாதியாகியிருக்கும். நாள்தோறும் பார்க்கும் கண்ணுக்கு அது தெரியாது. வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் கழுவுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். அப்படியே துடைப்புக் காந்தத்தையும் பாருங்கள். உறை வெடித்துத் துரு கசிந்தால் எறிந்துவிடுங்கள். விளக்கின் கண்ணாடியில் உப்புப் பூத்திருந்தால் ஈரத்துணியால் துடையுங்கள். மணலின் மூன்றிலொரு பகுதியை ஒவ்வொரு கிழமையும் குழாயால் உறிஞ்சிச் சுத்தம் செய்யுங்கள். முழுவதையும் ஒரே நாளில் கிளறினால் இரண்டு வருட அழுக்கும் தண்ணீரில் எழும்.

இவ்வளவும் சரியென்றால், வளர்ந்த முருகைகள் ஒன்றையொன்று நஞ்சூட்டுகின்றன என்று கொள்ளலாம். தோல் முருகை இதில் கெட்டிக்காரன். நஞ்சை உறிஞ்ச, மீன்தொட்டிக்கென்று விற்கும் கரியில் 2 மேசைக்கரண்டி எடுத்துக் கழுவி, வலைப் பையில் கட்டி, ஓட்டமுள்ள இடத்தில் தொங்கவிட்டு மாதம் ஒருமுறை மாற்றுங்கள். பெரிதானதை வெட்டி நண்பருக்குக் கொடுங்கள். சுருங்கியது தோல் முருகை மட்டும்தான், மேலே மெழுகு போல் படலம் தெரிகிறது என்றால் அது தோல் உரிக்கிறது. ஒரு கிழமையில் விரியும். அதுவரை கைவைக்காமல், பம்பை அதன் பக்கம் சற்றுத் திருப்பிவிடுங்கள்.