சில்வர்ப்ளூ அடுத்த பதிப்புக்கு மாற மறுத்தால்

கேள்வி: லினக்ஸ் இயங்குதளமான ஃபெடோரா சில்வர்ப்ளூவை அடுத்த பதிப்புக்கு ரீபேஸ் செய்தால் (அதாவது மாற்றினால்), சார்புகளை (ஒரு பேக்கேஜுக்குத் தேவைப்படும் மற்ற பேக்கேஜ்களை) தீர்க்க முடியவில்லை என்ற பிழையோடு நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: பதற வேண்டாம், இப்போது ஓடும் சிஸ்டத்துக்கு எதுவும் ஆகியிருக்காது. புதிய பதிப்பு தனி டிப்ளாய்மென்ட்டாகத்தான், அதாவது சிஸ்டத்தின் தனிப் பிரதியாகத்தான் தயாராகிறது; முழுதாக முடிந்தால் மட்டுமே அடுத்த பூட்டுக்கு வரும்.

குற்றவாளி பெரும்பாலும் அடிப்படை சிஸ்டத்தின் மேலே நீங்கள் அடுக்கிய (கூடுதலாக நிறுவிய) பேக்கேஜ்தான். டெர்மினலில் 'ஆர்பிஎம்-ஆஸ்ட்ரீ ஸ்டேட்டஸ்' கட்டளையைக் கொடுத்து 'லோக்கல் பேக்கேஜஸ்' வரியைப் பாருங்கள். அங்கே இருப்பவை கோப்பாக இறக்கி நிறுவியவை; தாமாகப் புதுப்பித்துக்கொள்ளாமல் பழைய பதிப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். ஃபெடோராவில் இல்லாத மென்பொருள்களைத் தரும் ஆர்பிஎம் ஃப்யூஷன் ரெப்போவை (மென்பொருள் களஞ்சியத்தை) இணைக்கும் ரிலீஸ் பேக்கேஜ் இந்த வகையில் அடிக்கடி மாட்டும். பதிப்பு எண்ணுள்ள பழையதை நீக்கி, எண் இல்லாத பெயரில் அதையே நிறுவும்படி, அன்இன்ஸ்டால், இன்ஸ்டால் இரண்டு தெரிவுகளையும் ஒரே 'ஆர்பிஎம்-ஆஸ்ட்ரீ அப்டேட்' கட்டளையில் கொடுங்கள். இரண்டாகப் பிரித்தால், ரெப்போவே நீங்கிவிட்டதால் அதிலிருந்து வந்த ஆடியோ, வீடியோ கோடெக்குகள் சிக்கலாகும். ரீபூட் செய்துவிட்டு ரீபேஸைத் தொடருங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் 'ஆர்பிஎம்-ஆஸ்ட்ரீ ரீசெட்'. இது அடுக்கியவை, ஓவர்ரைடுகள் (அடிப்படைப் பேக்கேஜ்களில் நீங்கள் செய்த மாற்றங்கள்) எல்லாவற்றையும் கழற்றிவிடும். ஆகவே ஸ்டேட்டஸ் வெளியீட்டை முதலில் சேமித்துக்கொள்ளுங்கள். ஃப்ளாட்பேக் செயலிகளும் ஹோம் அடைவும் அப்படியே இருக்கும். ரீபேஸ் முடிந்தபின் தேவையானதை மட்டும் திரும்ப அடுக்கலாம்.

பூட் பகிர்வில் இடமில்லை என்று பிழை வந்தால் அது வேறு விஷயம்: பின் செய்து (நீங்காமல் நிறுத்திவைத்து) மறந்துபோன பழைய டிப்ளாய்மென்ட்டுகளின் கெர்னல்கள் அங்கே குவிந்திருக்கும். அவற்றை அன்பின் செய்து, 'ஆர்பிஎம்-ஆஸ்ட்ரீ க்ளீனப்' கட்டளையை '-r' தெரிவோடு ஓட்டுங்கள்.