கேளுங்கள் சொல்கிறோம்: செவ்வாய்க்கு எந்தக் கல்?

கேள்வி: சூரியக் குடும்பத்தையே ஒரு மாலையாகக் கோக்க ஆசை. எந்தக் கோளுக்கு எந்தக் கல் வைக்கலாம்?

பதில்: நல்ல ஆசை. நிறத்தை மட்டும் பார்த்துக் கல் வாங்காமல், அந்தக் கோள் எதனால் ஆனது என்றும் கொஞ்சம் பாருங்கள், மாலைக்கு அப்போதுதான் உயிர் வரும். செவ்வாய்க்குச் சிவப்பு ஜாஸ்பர், ஏனென்றால் செவ்வாயின் தூசுக்கும் இந்தக் கல்லுக்கும் சிவப்பைத் தருவது ஒன்றேதான், இரும்பு ஆக்சைடு. அதன் இரண்டு பக்கமும் சின்ன ஹெமடைட் மணிகளை, அதாவது இரும்பு ஆக்சைடு கனிமத்தாலான மணிகளைக் கோத்தால் இன்னும் பொருத்தம். 2004-ல் நாசாவின் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி செவ்வாயில் கண்ட குட்டி உருண்டைகளில் நிறைந்திருந்தது ஹெமடைட்தான்.

வியாழனுக்குப் பட்டை பட்டையான அகேட். பட்டைகள் குறுக்கே ஓடும்படி தொங்கவிட்டு, நடுவுக்குச் சற்றுக் கீழே கார்னீலியன் என்ற செம்மஞ்சள் கல்லில் ஒரு பொடிக்கல் பதியுங்கள். வியாழனின் பெரும் புயலான பெருஞ்சிவப்புப் புள்ளி இருப்பது தென்பாதியில்.

நெப்டியூனுக்கு எல்லோரும் கருநீல லாபிஸைத் தேடுகிறார்கள், அது மட்டும் வேண்டாம். 1989-ல் வாயேஜர் 2 விண்கலம் எடுத்த படங்களில் மேகங்கள் எடுப்பாகத் தெரியட்டும் என்று நீலத்தைக் கூட்டியிருந்தார்கள். அசல் நிறம் யுரேனஸைப் போலவே வெளிறிய பச்சை கலந்த நீலம், நெப்டியூன் ஒரு துளி கூடுதல் நீலம், அவ்வளவுதான் என்று 2024-ல் வந்த ஆய்வு காட்டியது. சரி, அப்படியானால் இரண்டுக்குமே அக்வாமரின் என்ற வெளிர்நீலக் கல் போதும்.

கேள்வி: நிலாவுக்காக மூன்ஸ்டோன் வாங்கினேன். விளக்குக்கு நேரே பிடித்தால் ஆரஞ்சாகத் தெரிகிறது. அசல்தானா?

பதில்: அது ஓபலைட்டாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், அதாவது கண்ணாடி. கறுப்புத் துணியில் வைத்தால் நீலம், ஒளி ஊடுருவினால் ஆரஞ்சு, இதுதான் அதன் அடையாளம். லென்ஸில் பாருங்கள், உருண்டையான காற்றுக்குமிழி தெரிந்தால் சந்தேகமே இல்லை. அசல் கல்லைச் சாய்க்கச் சாய்க்க, உள்ளே ஒரு ஒளி கூடவே நகரும். மூன்ஸ்டோன் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிம இனம். நிலாவின் வெளிர்நிற மேட்டுப் பகுதிகளும் பெரும்பாலும் வேறொரு வகை ஃபெல்ட்ஸ்பார்தான். இப்படி ஒரு உறவு இருக்கும்போது அந்த இடத்தில் கண்ணாடியை வைக்க எனக்கு மனசே வராது.

கேள்வி: சிறுகோளுக்கு?

பதில்: பெரிடாட். பல்லசைட் விண்கற்களில் இரும்பு-நிக்கலுக்கு நடுவே பொதிந்திருக்கும் ஆலிவின் என்ற கனிமத்தின் நகைத்தரமான வடிவம்தான் இது. விண்கல் துண்டையே வாங்கிப் போட்டால் வியர்வையில் துருப்பிடிக்கும்.

கேள்வி: மூன்ஸ்டோனை மோதிரமாகச் செய்யலாமா?

பதில்: தினமும் போடுவதற்கு வேண்டாம், தோடாகவோ பதக்கமாகவோ செய்துகொள்ளுங்கள். கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 6 முதல் 6.5 வரைதான், வீட்டுத் தூசியில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் 7, அதனால் துடைக்கும்போதே கீறல் விழும். போதாததற்கு இரண்டு திசைகளில் சுலபமாகப் பிளக்கும். மோதிரம்தான் வேண்டும் என்றால் சுற்றிலும் விளிம்பு மூடிய கட்டில் பதிக்கச் சொல்லுங்கள், அப்புறம் ஒலி அதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் கருவியில் கழுவக் கொடுக்காதீர்கள்.