தனியாளாக ஒரு காமிக்ஸ் புத்தகம் செய்ய ஆசை. பாத்திர வடிவமைப்பில் தொடங்கி பக்க அமைப்பு வரை எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும்?

பெரும்பாலானோர் கதாநாயகனை வரைவதில்தான் தொடங்குவார்கள். அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் முடிவாக வேண்டியவை புத்தகத்தின் அளவும் பக்க எண்ணிக்கையும். முகத்தில் எத்தனை கோடு போடலாம், பக்கத்துக்கு எத்தனை கட்டம், ஒரு பலூனுக்குள் எவ்வளவு வசனம் என்பதையெல்லாம் தாளின் அளவுதான் தீர்மானிக்கிறது.

முதல் புத்தகத்துக்கு ஏ5 அளவு (148 × 210 மி.மீ.), கறுப்பு வெள்ளை, 24 பக்கம், நடுவில் பின் அடித்தது என்றால் போதும். ஒரு தாளை மடித்தால் நாலு பக்கம் வரும் என்பதால் மொத்தப் பக்கம் நாலால் வகுபட வேண்டும். கதை 22 பக்கத்தில் முடிந்தால் கடைசி இரண்டு பக்கம் வெறுமையாக நிற்கும். அட்டையின் நாலு பக்கம் தனிக் கணக்கு.

இப்போது ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். 210 மி.மீ. உயரத்தில் மேலும் கீழும் 12 மி.மீ. ஓரம் விட்டு, 5 மி.மீ. இடைவெளியோடு மூன்று வரிசை கட்டங்கள் போட்டால் ஒரு வரிசைக்கு ஏறக்குறைய 59 மி.மீ. கிடைக்கும். அதில் மேல் மூன்றில் ஒரு பங்கை பலூன் எடுத்துக்கொள்ளும். மிச்சம் சுமார் 40 மி.மீ. அதற்குள் முழு உருவமாக ஒருவர் நின்றால், உடலை ஏழு தலை உயரமாகக் கொண்டால், தலை 6 மி.மீ.க்கும் குறைவு. கண்ணின் அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அங்கே இமை மடிப்பு, சட்டையின் பூ வேலை, பொத்தான் வரிசை எதுவும் தெரியாது. கண் வெறும் புள்ளியாகத்தான் இருக்கும். பக்கத்துக்கு ஐந்து கட்டம் என்றால் 24 பக்கத்தில் 120 கட்டங்கள். முக்கியப் பாத்திரம் அதில் எண்பது, தொண்ணூறு கட்டங்களிலாவது வரும். எண்பது தடவை சலிக்காமல் வரைய முடிகிற, 4 செ.மீ. உயரத்திலும் அடையாளம் தெரிகிற உருவம்தான் நல்ல வடிவமைப்பு. தனிப்படமாக அழகாக இருப்பது வேறு விஷயம்.

இதைச் சோதிக்க ஒரு வழி: பாத்திரங்களை முழுக் கறுப்பு நிழலாக நிரப்பி, 2 செ.மீ. உயரத்துக்குச் சுருக்கி, வரிசையாக நிறுத்திப் பாருங்கள். யார் யார் என்று நிழலிலேயே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் முகத்தைத் திருத்திப் பயனில்லை. தலைமுடியின் வெளிக்கோடு, தோளின் அகலம், உடையின் வடிவம் இவற்றை மாற்றுங்கள். கறுப்பு வெள்ளைப் புத்தகத்தில் இன்னொரு கருவியும் உண்டு. ஒருவருக்குக் கறுப்பு முடி, வெள்ளைச் சட்டை. இன்னொருவருக்கு வெள்ளை முடி, கறுப்புச் சட்டை என்று மையைப் பங்கிட்டுவிட்டால் தூரக் காட்சியிலும் குழப்பம் வராது. இடது கன்னத்தில் மட்டும் தழும்பு, ஒரு தோளில் மட்டும் பை போன்றவற்றை யோசித்துக் கொடுங்கள். முப்பதாவது பக்கவாட்டுப் படத்தில் அது நிச்சயம் பக்கம் மாறிவிடும்.

பிறகு ஒவ்வொருவருக்கும் முன், முக்கால் (முன்னுக்கும் பக்கவாட்டுக்கும் நடுவே திரும்பியது), பக்கவாட்டு, பின் என நாலு கோணங்களை ஒரே கிடைக்கோடுகளின் மேல் வரையுங்கள். ஆறு முகபாவங்கள் போதும். பலர் விட்டுவிடுவது, எல்லாப் பாத்திரங்களும் சேர்ந்து நிற்கும் உயர ஒப்பீட்டுப் படம். அது இல்லாவிட்டால் பத்தாவது பக்கத்தில் தங்கை அக்காவைவிட வளர்ந்திருப்பாள்.

அடுத்தது தம்ப்நெயில். தீப்பெட்டி அளவுக் கட்டங்களில் 24 பக்கத்தையும் கிறுக்கி முடித்த பிறகே பெரிய தாளைத் தொடுங்கள். இரண்டிரண்டு பக்கமாக, புத்தகம் விரிந்திருப்பது போலவே வரையுங்கள். முதல் பக்கம் வலப்புறம் விழும். ஒற்றைப்படைப் பக்கங்கள் எல்லாமே வலப்புறம்தான். வாசகர் தாளைத் திருப்பியதும் முதலில் பார்ப்பது இடப்புறமுள்ள இரட்டைப்படைப் பக்கத்தை. ஆகவே கதவு திறந்து யாரோ நிற்கும் அதிர்ச்சியை 8ஆம் பக்கத்தின் முதல் கட்டத்தில் வையுங்கள். கதவு தட்டும் சத்தம் 7ஆம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் இருக்கட்டும். அதே அதிர்ச்சியை 7இல் வைத்தால் 6ஐப் படிக்கும்போதே கண்ணில் பட்டுவிடும். இரண்டு பக்கம் சேர்ந்த பெரிய படம் வேண்டுமென்றால் 12-13தான் பாதுகாப்பான இடம். அது ஒரே தாள். மற்ற ஜோடிகள் வெவ்வேறு தாளில் அச்சாவதால் நடுவில் சற்று விலகும். எப்படியானாலும் மடிப்பின் மேல் முகம் வரக்கூடாது.

தம்ப்நெயிலிலேயே பலூன்களுக்கு இடம் ஒதுக்குங்கள். படத்தை முடித்துவிட்டு வசனத்தைத் திணிப்பதுதான் புதியவர்களின் பக்கங்கள் கெடுவதற்கு முதல் காரணம். ஒரு கட்டத்தில் மாலா கேள்வி கேட்கிறாள், பாட்டி பதில் சொல்கிறார் என்று வையுங்கள். பாட்டியை இடப்புறமும் மாலாவை வலப்புறமும் நிற்க வைத்தால், வாசகர் இடமிருந்து வலமாகப் போய்ப் பதிலை முதலில் படித்துவிடுவார். கேள்வியை இடப்புறம் தள்ளினால் இரண்டு பலூன்களின் வால்களும் ஒன்றையொன்று வெட்டும். முதலில் பேசுபவரை இடப்புறம் நிறுத்துவதுதான் சுத்தமான தீர்வு. முடியாதபோது கேள்வியை வலப்புறம் நன்றாக மேலேயும் பதிலை இடப்புறம் நன்றாகக் கீழேயும் வைக்கலாம்; உயர வித்தியாசம் தெளிவாக இருந்தால் கண் மேலிருந்து கீழே போகும். அடுத்தடுத்த கட்டங்களில் இருவரும் பக்கம் மாறாமல் இருப்பதும் முக்கியம்.

தமிழுக்கென்று தனிக் கவனம் வேண்டும். ‘பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்ற ஒரே சொல் ஒடுக்கமான பலூனை அடைத்துவிடும். ‘பார்த்துட்டு இருக்கேன்’ என்றால் இரண்டு வரியில் அழகாக உட்காரும். பேச்சு நடை காதுக்கு மட்டுமல்ல, பலூனுக்கும் நல்லது. ஒரு பலூனுக்குப் பத்துப் பன்னிரண்டு சொல், பக்கத்துக்கு எண்பது, நூறு சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ5க்கு 9 பாயின்ட் எழுத்து சரி. மேலே ‘கீ’யின் சுழியும் கீழே ‘மூ’வின் வாலும் இடிக்காமல் இருக்க வரி இடைவெளியை எழுத்தளவில் 130 சதவீதத்துக்கு ஏற்றுங்கள். அடோபி மென்பொருள்களில் ‘வேர்ல்ட்-ரெடி’ எழுத்தமைப்பைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நிற்கக்கூடும். இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் யூனிகோட் தமிழ் ஒழுங்காகவே வரும்.

கட்டங்களுக்கு இடையில், பக்கவாட்டில் 3 மி.மீ., வரிசைக்கும் வரிசைக்கும் 5 மி.மீ. விடுங்கள். வரிசைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி அகலமாக இருந்தால் கண் ஒரு வரிசையை முடித்துவிட்டுத்தான் கீழே இறங்கும். இரண்டும் ஒரே அளவானால் சிலர் செங்குத்தாகப் படிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

கையால் வரைவதானால் ஏ4இல் வரைந்து 71 சதவீதத்துக்குச் சுருக்குங்கள். கைநடுக்கம் சுருங்கும், கோடும் சுருங்கும். 0.3 மி.மீ. பேனாக் கோடு அச்சில் 0.2 ஆகிவிடும் என்பதால் அதைவிட மெல்லியது வேண்டாம். கணினியில் என்றால், வெட்டுக்காக நாலு புறமும் 3 மி.மீ. சேர்த்து 154 × 216 மி.மீ., 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி), அதாவது 3638 × 5102 பிக்சல். எழுத்தும் முகமும் வெட்டுக் கோட்டிலிருந்து 6 மி.மீ. உள்ளே இருக்கட்டும். புள்ளி நிழல் (சாம்பல் நிறம் போலத் தெரியும் நுண்புள்ளிகள்) போட்ட பிறகு படத்தின் அளவை மாற்றாதீர்கள். அலை அலையாகக் கறை விழும்.

முதல் பக்கத்தை முதலில் வரையாதீர்கள். ஐந்தாறு பக்கம் போன பிறகே கை அந்த முகங்களுக்குப் பழகும். 5ஆம் பக்கத்தில் தொடங்கி, முதல் நாலு பக்கத்தைக் கடைசியில் வரைந்தால், வாங்குபவர் புரட்டிப் பார்க்கும் இடத்தில் உங்கள் சிறந்த வேலை இருக்கும்.

அச்சகத்துக்கு அனுப்பும் பிடிஎஃப்பில் எழுத்தை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக, மாற்றிவிடுங்கள். அட்டை நாலு நிறத்தில் இருந்தாலும் அதிலுள்ள கறுப்புக் கோடும் சின்ன எழுத்தும் கறுப்பு மை மட்டும் 100 சதவீதமாக இருக்க வேண்டும். நாலு மையும் கலந்த கறுப்பு என்றால், அச்சுத் தட்டு இம்மி விலகினாலும் எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் தெரியும். அச்சகத்துக்கு அனுப்பும் முன், 24 பக்கத்தையும் சாதாரணப் பிரின்டரில் நிஜ அளவில் எடுத்து, மடித்து, பின் அடித்து, கதை தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். அவர் விரல் எந்தக் கட்டத்தில் தயங்கி நிற்கிறதோ, அந்தக் கட்டத்தைத் திருத்துங்கள்.