மூன்று முறை கடந்துபோன ஏரி

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நான்கு நண்பர்கள். ஓராண்டாக வார இறுதிகளில் மலைச் சைக்கிள் ஓட்டுகிறோம். ஜூலையில் பத்து நாள் விடுமுறை. இயற்கைக் காட்சி நிறைந்த ஓரிடத்தில் ஓட்ட ஆசைப்படுகிறோம். கனடாவின் விஸ்லர், அமெரிக்காவின் மோவாப், இத்தாலியின் ஃபினாலே லிகுரே, லடாக்கின் லே ஆகிய நான்கும் பட்டியலில் உள்ளன. லே என்றால், விமானத்தில் இறங்கிய மறுநாளே ஜீப்பில் கர்துங் லா கணவாய்க்குப் போய் அங்கிருந்து சைக்கிளில் இறங்குவதாகத் திட்டம். காட்சியழகில் எது முதலிடம்? சொந்தச் சைக்கிளா, வாடகைச் சைக்கிளா? ஹெல்மெட்டில் கேமரா பொருத்தலாமா?

கே.

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரம் முழுக்க நான் ஓர் ஏரியைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு வருகிறேன். முதலில் உங்களைத் திட்ட வேண்டியிருக்கிறது.

லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கர்துங் லா 5,359 மீட்டர். 2,500 மீட்டருக்கு மேலேயே மலைநோய் தாக்கலாம். தாழ்ந்த நிலத்திலிருந்து விமானத்தில் வந்து இறங்கியவர் மறுநாளே அந்தக் கணவாயில் நின்றால் தலைவலியோடு தப்பலாம், மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துச் சாகவும் செய்யலாம். உடல் வலுவானவர்களையும் அது விடுவதில்லை. முதல் இரண்டு நாள் லேயிலேயே சும்மா இருக்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லையென்றால் அந்த வரியை இன்றே அடித்துவிடுங்கள். நான்கு பேரின் உயிர் அது. இதில் நான் இறங்கிவரப் போவதில்லை.

மோவாப் ஜூலையில் வேண்டாம். வெயில் 38 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், பாறைப் பாதையில் நிழலும் இல்லை, நீரும் இல்லை. அங்கே வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ போக வேண்டும். ஃபினாலேவும் அப்படித்தான். விஸ்லரில் ஜூலை நல்ல பருவம். ஆனால் அங்குள்ள சைக்கிள் பூங்காவின் பாதைகளில் பெரும்பகுதி அடர்ந்த காட்டுக்குள் ஓடுகிறது. சிகரங்களை எதிர்பார்த்துப் போகிறவர் நாள் முழுக்க மரங்களைத்தான் பார்ப்பார். வாடகைச் சைக்கிளே போதும். கேமரா உங்கள் விருப்பம்.

சுவிட்சர்லாந்தின் சேர்மாட்டுக்கு நான் போனதும் ஒரு ஜூலையில்தான். மாட்டர்ஹார்ன் சிகரம் அந்த ஊரின் தலைக்கு மேலேயே நிற்கிறது. 3,089 மீட்டர் உயரத்திலுள்ள கோர்னர்கிராட் முகட்டுக்கு 1898 முதல் பல்சக்கர ரயில் ஓடுகிறது. சைக்கிளையும் அதில் ஏற்றிக்கொள்ளலாம். ஒரே நாளில் மூன்று முறை ரயிலில் ஏறினோம், மூன்று முறை இறங்கினோம். ஒவ்வோர் இறக்கமும் ஏறக்குறைய 1,480 மீட்டர். அன்று மாலை விடுதியில் உடன் தங்கியிருந்த ஒரு முதியவர், "ரிஃபெல்ஸே ஏரியில் மாட்டர்ஹார்ன் தலைகீழாகத் தெரிந்ததா?" என்று கேட்டார். எந்த ஏரி என்று கேட்டேன். வரைபடத்தை விரித்துக் காட்டினார். நாங்கள் இறங்கிய வழியிலேயே, எட்டிப்பார்க்கும் தூரத்தில் இருந்தது.

அன்று இறங்கும்போது நான் பார்த்தவை எல்லாம் நன்றாக நினைவிருக்கின்றன. தவளை முதுகு போல நடுவில் பிளந்த ஒரு பாறை. அடுத்தடுத்து மூன்று வேர்கள், கடைசி வேரில் பட்டை உரிந்து வெளுத்திருந்தது. ஒரு கொண்டைஊசி வளைவில் டயர்கள் அரைத்து மாவாக்கிய சாம்பல்நிறப் புழுதி. இவ்வளவுதான். ஐரோப்பாவின் மிக அழகான மலைகளில் ஒன்றுக்குக் கீழே நாளெல்லாம் இருந்துவிட்டு, தரையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

இதில் கவனக்குறைவு எதுவும் இல்லை. மணிக்கு 25 கிலோமீட்டரில் இறங்கினால் ஒரு நொடிக்கு ஏழு மீட்டர் போகிறோம். இரண்டு மூன்று நொடிக்கு முன்னதாகவே கண் பாதையைப் படித்தாக வேண்டும். ஆக, உங்கள் உலகம் முன்னால் உள்ள இருபது மீட்டர் மண்தான். சைக்கிள் கண் போகும் பக்கம் போகும், பழகியவர்கள் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். எங்களோடு வந்த தோழி அன்று ஒரு திருப்பத்தில் பனிமலையை நிமிர்ந்து பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. முன்சக்கரம் பாதையை விட்டு விலகியது, காறை எலும்பு முறிந்தது. நான் ஓடிப்போய் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டபோதுதான் அந்தப் பனிமலையை நானும் முதல்முறையாகப் பார்த்தேன்.

ஆகவே தம்பி, இறக்கத்தை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு காட்சியழகைத் தேடாதீர்கள். காட்சி ஏற்றத்தில் இருக்கிறது. ஏறும்போது வேகம் நடைவேகம்தான். மூச்சு வாங்கும், நிற்பீர்கள், நின்றால் தலை தானாக நிமிரும். மலைச் சைக்கிளின் வரலாறே இதைச் சொல்கிறது. 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள் பழைய பருமன் டயர் சைக்கிள்களைத் தள்ளியும் லாரியில் ஏற்றியும் மேலே கொண்டுபோய் இறங்கி விளையாடினார்கள். கேரி ஃபிஷர் போன்றவர்கள் அவற்றில் கியர்களைப் பொருத்தியது மலையில் மிதித்து ஏறுவதற்காக. ஏறக் கற்ற பிறகுதான் அது மலைச் சைக்கிள் ஆயிற்று என்பது என் உறுதியான எண்ணம். இன்று கேபிள் காரும் ஜீப்பும் அந்த ஏறும் பாதியை நம்மிடமிருந்து வாங்கிக்கொள்கின்றன, நாமும் காசு கொடுத்து அதை விற்கிறோம். ஒரு நாளில் எத்தனை ஆயிரம் மீட்டர் இறங்கினோம் என்று கணக்குச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. வயதானவர்களும் உடல் ஒத்துழைக்காதவர்களும் ரயிலில் ஏறட்டும், அது நியாயம். நன்றாக மிதிக்கக்கூடிய நான்கு இளைஞர்களுக்கு ஜீப் எதற்கு?

மறுநாள் தோழியை மருத்துவமனையிலிருந்து அழைத்துவந்தோம். அதற்கடுத்த நாள் விடியற்காலை நான்கு மணிக்கு நான் மட்டும் கிளம்பினேன். பாதி தூரம் மிதித்தேன், பாதி தூரம் தள்ளினேன். லார்ச் மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் மார்மட் என்னும் பெரிய மலை அணில் ஒன்று பாறைமேல் எழுந்து நின்று விசிலடித்தது. இரண்டு நாள் முன்பு என் கண்ணில் பட்ட அதே மூன்று வேர்களை இப்போது கீழிருந்து பார்த்தேன், அவற்றின் இடுக்கில் ஊதாநிறப் பூ இருந்தது. எட்டு மணிக்குமேல் ஏரியை அடைந்தேன். காற்று இன்னும் எழவில்லை. சிறிய ஏரிதான். அதற்குள் மாட்டர்ஹார்ன் முழுசாகக் கிடந்தது. ஒரு பூச்சி நீரைத் தொட்டதும் சிகரத்தின் நுனி மட்டும் நடுங்கி மறுபடி நேரானது. காற்று வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஜூலைதான் என்றால் ஆல்ப்ஸில் ஒரே ஓர் ஊரைப் பிடியுங்கள். பத்து நாளும் அங்கேயே இருங்கள். அந்தப் பகுதியில் பாதைகளின் கடினத்தை மிக எளிதான எஸ்0 முதல் மிகக் கடினமான எஸ்5 வரை குறிப்பது வழக்கம், ஓராண்டுப் பழக்கத்துக்கு எஸ்1 போதும். மரவரிசை முடியும் உயரத்துக்கு மேலே போகும் ஏற்றம் ஒன்றாவது இருக்கிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். ஊர்ப் பெயரை நான் இப்போது சொல்லப்போவதில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வழக்கமாக ஓட்டும் பாதையில் ஏறும்போது எங்கெங்கே நின்றீர்கள், நின்ற இடத்தில் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள். பிறகு பேசலாம்.

அன்புடன்,
அக்கா