கோரஸ் மாஸ்டர் வேலையை நம்பிப் பிழைக்க முடியுமா?

மேடையில் நின்று கைதட்டல் வாங்குபவர் வேறொருவர் என்றால், கோரஸ் எனும் பாடகர் குழுவைப் பயிற்றுவித்துத் தயார்செய்யும் கோரஸ் மாஸ்டருக்கு என்னதான் வேலை, அதைத் தொழிலாக நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்பலாம். உங்கள் பெயர் சிறிய எழுத்தில் அச்சாவதைப் பொறுத்துக்கொள்ளும் மனம் மட்டும் வேண்டும்.

பல ஆண்டுகளாக டெனர் (ஆண்களின் உயர்குரல்) வரிசையில் நின்று பாடுகிறவன் நான். ஆர்கெஸ்ட்ராவோடு பாடும் பெரிய படைப்பு என்றால், மேடையில் கையசைத்து எல்லோரையும் வழிநடத்தும் நடத்துநர் (கண்டக்டர்) கடைசிச் சில ஒத்திகைகளுக்குத்தான் வருவார். அதற்குள் நூறு பேரும் ஒரே 'ஆ'வைப் பாடவும், நீண்ட வரிகளில் யாருக்கும் தெரியாமல் மாற்றி மாற்றி மூச்சு வாங்கவும் பழகியிருக்க வேண்டும். சொல்லின் கடைசியில் வரும் 'ஸ்' ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு கணத்தில் அதை விட்டால் அரங்கமே சீறும். அது எந்தத் தாள அடியில் விழவேண்டும் என்று எங்கள் கோரஸ் மாஸ்டர் பென்சிலால் குறிக்கச் சொல்வார். அப்படியும் திருப்தி வராது. அந்த ஓர் எழுத்துக்கே கால்மணி நேரம் போய்விடும்.

தீராத தலைவலி சுருதி இறங்குவதுதான். பக்கவாத்தியம் இல்லாத பாட்டில், களைத்துப்போன மாலை நேரத்தில், குழு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போகும், பாடுகிறவர்களுக்கே தெரியாது. பாடி முடித்ததும் கோரஸ் மாஸ்டர் பேசாமல் பியானோவில், நாங்கள் முடித்திருக்கவேண்டிய சுரத்தைத் தட்டுவார். அப்போது நாங்கள் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

அமெரிக்கக் கோரஸ் நடத்துநரான ராபர்ட் ஷா ஒரு பயிற்சி வைத்திருந்தார். பாட்டின் சொற்களை எடுத்துவிட்டு, தாள எண்ணிக்கையையே சுரத்தில் வைத்து மெல்லிய குரலில் பாடவைப்பார். தொண்டை களைக்காது, யார் அரை அடி பிந்துகிறார் என்பதும் உடனே அம்பலமாகிவிடும். எனக்கு அறவே பிடிக்காத பயிற்சி, ஆனால் பலிக்கிறது.

ஓபரா எனும் இசை நாடகத்தில் திரைக்குப் பின்னாலிருந்து பாடும் கோரஸை, மானிட்டரில் நடத்துநரின் கையைப் பார்த்தபடி கோரஸ் மாஸ்டர்தான் நடத்துவார். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். முப்பது மீட்டர் தள்ளி நின்று தாளத்தோடு சரியாகப் பாடினாலும் ரசிகருக்குப் பிந்தித்தான் கேட்கும். ஆகவே மானிட்டரில் தெரியும் அடிக்குச் சற்று முன்னதாகவே குரலை எடுக்கவைக்க வேண்டும்.

வில்ஹெல்ம் பிட்ஸ் 1951 முதல் 1971 வரை, ஜெர்மனியில் வாக்னரின் ஓபராக்களுக்கென்றே நடக்கும் பைராய்ட் விழாவின் கோரஸைத் தயார்செய்தவர். 1957-ல் லண்டனில் ஃபில்ஹார்மோனியா கோரஸ் தொடங்கியபோது அதன் முதல் கோரஸ் மாஸ்டரும் அவரே. இசை ரசிகர்களிலேயே எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

மார்கரெட் ஹில்லிஸின் கதை வேறு. பெண்ணுக்கு நடத்த ஆர்கெஸ்ட்ரா கிடைக்காது என்ற காலத்தில் கோரஸ் பக்கம் வந்தவர். சிகாகோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் அப்போதைய இசை இயக்குநர் ஃபிரிட்ஸ் ரைனரின் அழைப்பில் 1957-ல் சிகாகோ சிம்பொனி கோரஸை உருவாக்கினார். 1977 அக்டோபரில் நியூயார்க் கார்னகி அரங்கில் மாலரின் எட்டாவது சிம்பொனியை நடத்தவேண்டிய, அதே ஆர்கெஸ்ட்ராவின் அப்போதைய இசை இயக்குநர் ஜார்ஜ் ஷோல்டி காயமடைந்தார். கடைசி நேரத்தில் ஹில்லிஸ் மேடையேறி முழுவதையும் நடத்தினார். கோரஸின் பகுதி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு, சரி. ஆர்கெஸ்ட்ராவின் பகுதியும் தலைக்குள் இருந்திராவிட்டால் அந்த மாலை கைகூடியிருக்காது.

பிழைப்புக்கு வருகிறேன். முழுநேரச் சம்பளம் தருபவை ஓபரா அரங்குகள், வானொலிப் பாடகர் குழுக்கள், பல்கலைக்கழகங்கள், சில பெரிய தேவாலயங்கள். இடங்கள் குறைவு, போட்டி கடுமை. பெரும்பாலானோர் ஒரு பள்ளி, ஒரு தேவாலயக் குழு, வாரம் ஒருமுறை கூடும் தன்னார்வக் குழு, தனி மாணவர்கள் என்று நாலு இடத்து வருமானத்தைக் கூட்டித்தான் மாதத்தை ஓட்டுகிறார்கள்.

கையசைவைக் கண்ணாடி முன் பழகுவதைத் தள்ளிப்போடுங்கள். நாலு குரல்களின் இசைக்குறிப்பைப் பார்த்தவுடன் பியானோவில் வாசிக்க வேண்டும். மூன்றை வாசித்துக்கொண்டே நாலாவதைப் பாடிக்காட்டவும் வேண்டும். லத்தீன், ஜெர்மன், இத்தாலிய, பிரெஞ்சு உச்சரிப்பு அவசியம். இலக்கணம் பிறகு வரட்டும். இப்போதைக்கு, உங்கள் குழுவில் ஆல்டோக்களுக்கு (பெண்களின் தாழ்குரல்) மட்டுமான ஒத்திகை ஒன்றை நடத்தத் தரும்படி கேட்டுப் பாருங்கள். உங்கள் கோரஸ் மாஸ்டர் பெரும்பாலும் மறுக்கமாட்டார். அந்த நேரத்தில் அவருக்கு மற்ற மூன்று பகுதிகளைக் கவனிக்க வேண்டியிருக்கும்.