மூன்றாம் வருடமே காய்க்குமா புங்கம்?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் முதுகுளத்தூர் பக்கம், காலமான தாத்தாவின் 4 ஏக்கர் தரிசு இருக்கிறது. புங்கம் நட்டால் மூன்றாம் வருடமே எண்ணெய்க் காசு என்கிறார் ஒரு ஏஜெண்டு. பக்கத்து 6 ஏக்கரையும் என் பெயருக்கு வாங்கித் தருவாராம். நான் மலேசியக் குடிமகன். முன்பணம் கொடுக்கலாமா? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: கொடுக்காதீர்கள் ஐயா.

மூன்று வருடம் என்பது நம் மலேசியச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைக் கணக்கு. முப்பது மாதத்தில் குலை வெட்டிப் பழகியவர்கள் நாம். ஏஜெண்டுக்கு அது நன்றாகத் தெரியும். புங்கம் காய்க்க 5 முதல் 7 வருடம் ஆகும். இங்கே கடலோரம் நிற்கும் மெம்பாரியும் இதே மரம்தான். ஒரு நெற்றை உடைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒரே ஒரு தட்டை விதை. 100 கிலோ விதையை ஆட்டினால் 25 கிலோ எண்ணெய், அதுவும் சமையலுக்கு ஆகாது. பொறுக்கி, காயவைத்து, தட்டி உடைக்கிற கூலி எந்த நோட்டீஸிலும் இருக்காது. 2003-இல் இந்திய அரசு இப்படித்தான் டீசலுக்கு மாற்று எண்ணெய் தரும் என்று காட்டாமணக்கைத் தலையில் வைத்து ஆடியது. கன்று கொடுக்க ஆயிரம் பேர், காயை வாங்கத்தான் நாதி இல்லை.

அந்த 6 ஏக்கர் இதைவிடப் பெரிய பொறி. வெளிநாட்டுக் குடிமக்கள் இந்தியாவில் விவசாய நிலம் வாங்க முடியாது, இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும்தான். வாரிசாக வருவது மட்டும் விலக்கு. தாத்தா அங்கேயே வாழ்ந்தவர் என்றால் உங்கள் 4 ஏக்கருக்குப் பழுதில்லை. "சித்தப்பா பங்கை எழுதி வாங்கலாமே" என்பீர்கள். கிரயமும் கூடாது, தானமும் கூடாது, செட்டில்மெண்டும் தானம்தான். உயில் வழியாக வந்தால் சரி. பின்னால் விற்பதானாலும் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்கலாம்.

உங்கள் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் 'பவர்' பத்திரத்தை ஏஜெண்டு நீட்டுவார். என்னிடம் ஒருவர் கொண்டுவந்த தாளில் மரம் வளர்ப்பு பற்றி அரைப் பக்கம். நடுவே பொடி எழுத்தில் "விற்கவும் அடமானம் வைக்கவும்". கையெழுத்துப் போடாதீர்கள்.

முதலில் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பாருங்கள். தமிழக அரசின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பெயர் மாற்றத்துக்குத்தான் தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடக்கவேண்டும், எல்லாம் ஆன்லைன் என்று போர்டு மட்டும் மாட்டியிருப்பார்கள்!

வரப்பில் வேம்பு நின்றால் வெட்ட விடாதீர்கள். ஆனி, ஆடியில் ஊர்ப் பெண்கள் வேப்பமுத்து பொறுக்கி நாலு காசு பார்ப்பார்கள். சதையை அலசிவிட்டு நிழலில் உலர்த்தச் சொல்லுங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூசணம் பிடிக்கும், வியாபாரி எடையில் கழித்துவிடுவார்.