மாற்றலில் போகும்போது நாயை யாரிடம் விட்டுப் போவது?

உச்சிப்புளி ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானத் தளத்திலிருந்து விசாகப்பட்டினத்துக்கு மாற்றல், அங்கே குவார்ட்டர்ஸ் கிடைக்க ஒன்றரை மாதம் ஆகும், அதுவரை நாயை எங்கே விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் தளத்துக்குள்ளேயே கேளுங்கள். நாய்க்குப் பழகிய முகம் பக்கத்து வீட்டில் இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. மண்டபம் கடலோரக் காவல்படைக் குடும்பங்களிடமும் விசாரிக்கலாம். வழக்கமாக ஊசி போடும் கால்நடை மருத்துவருக்கும் பொறுப்பான வீடுகள் தெரிந்திருக்கும். கட்டணக் காப்பகம்தான் வேண்டுமென்றால் மதுரைப் பக்கம் தேடுங்கள்.

யாரிடம் விட்டாலும், கிளம்புவதற்கு முன்பே ஓர் இரவு அங்கே தங்க வைத்துப் பாருங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். புது இடத்தில் முதல் இரண்டு மூன்று நாள் சில நாய்கள் சாப்பிடாமல் வாசலையே பார்த்துக் கிடக்கும். அவிழ்த்துவிட்டால் வீட்டைத் தேடி ஓடிவிடும். நீங்கள் போர்த்திய பழைய போர்வையைத் துவைக்காமல் கொடுங்கள். கருவாடும் மீன் முள்ளும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், நம் கரையில் பாசத்தில் போட்டுவிடுவார்கள். ரேபிஸ் ஊசி அட்டையின் நகல், செலவுக்குப் பணம், அவசர சிகிச்சைக்கு எழுத்தில் சம்மதம், இவையும் வேண்டும்.

அப்புறம், ஐப்பசி, கார்த்திகை என்றால் மழை படாத திண்ணையாவது இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.